ஊருக்கு ஊர் பெருநாள் வாழ்த்து: அதில் நமக்கு உள்ள பாடம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. இன்ஷா அல்லாஹ், இன்னும் சில வாரங்களில் ஹஜ்ஜுப் பெருநாளைச் சந்திக்க இருக்கிறோம். அதற்கு முன் ஒரு விஷயத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படித்துக்கொள்வது நல்லது என்று தோன்றியதால் இந்த மாதப் பாடத்துக்குப் பெருநாள் வாழ்த்தை எடுத்துக்கொண்டோம்.

காரணம் இதுதான். சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் மனக்குறையோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். இரண்டு மனக்குறையும் பெருநாள் காலையில், வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் தொடங்கியவை.

முதல் வீட்டில், அரபு நாட்டிலிருந்து விடுப்பில் வந்த பேரன். தொழுகை முடிந்து பெத்தாப்பா "ஈத் முபாரக்" என்று சொல்லிக் கட்டிப்பிடிக்க வந்தார். பேரனோ, "அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை பெத்தாப்பா. தகப்பலல்லாஹு மின்னா வமின்கும் என்றுதான் சொல்லணும்" என்றார். பெரியவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மூன்று நாள் பேரனோடு பேசவில்லை.

இரண்டாவது வீட்டில், மலேசியாவில் பிறந்து வளர்ந்து நம் ஊருக்கு மருமகளாக வந்த பெண். இங்கே அவருக்கு அது முதல் பெருநாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியின் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்து முத்தமிட்டு, "மாமி, வெளியில தெரிஞ்சும் மனசுக்குள்ளயும் நான் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்கங்க" என்றார். சுற்றி இருந்த உறவுக்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "வந்து நாலு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள என்ன தப்பு செஞ்சே?" என்று ஒருவர். "இது எந்த ஊரு நாடகம்?" என்று இன்னொருவர். அந்தப் பெண் அறைக்குள் போய் அழுதிருக்கிறார்.

இரு வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். நான் முஃப்தி அல்ல. மதரஸாவில் சில வருடம் ஓதியவன், அவ்வளவே. ஆகையால் சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களை நம் ஹள்ரத்திடம் காட்டிச் சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன்.

எது மார்க்கம், எது ஊர் வழக்கம்?

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கே மக்கள் வருடத்தில் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாக வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை, அதாவது ஃபித்ர் பெருநாளையும் அள்ஹா பெருநாளையும், அல்லாஹ் கொடுத்திருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இது. அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ளது. ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் கடமையானது. அந்த வருடமே முதல் நோன்புப் பெருநாள்.

அந்த இரண்டு நாட்களுக்கென்று மார்க்கம் வைத்த காரியங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. தக்பீர், பெருநாள் தொழுகை, குத்பா, நோன்புப் பெருநாளுக்கு ஃபித்ரா, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு குர்பானி, அந்நாளில் நோன்பு நோற்காமல் இருப்பது. குளித்து, உள்ளதில் நல்ல ஆடை அணிவது, ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்புவது, நோன்புப் பெருநாளன்று தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம் சாப்பிடுவது ஆகியவை சுன்னத்துகள். சீனாவில் உள்ள பள்ளிவாசலுக்குப் போனாலும், செனகலில் உள்ள திடலுக்குப் போனாலும் இவற்றை நாம் அடையாளம் கண்டுகொள்வோம்.

இவற்றுக்குள்ளேயே மத்ஹபு வித்தியாசம் உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே ஷாஃபிஈ பள்ளியில் பெருநாள் தொழுகையில் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து என்று கூடுதல் தக்பீர் சொல்கிறோம். ஹனஃபி பள்ளியில் மூன்றும் மூன்றும். காயல்பட்டினத்துக்காரர் வேலூரில் பெருநாள் தொழுதால் இதைப் பார்ப்பார். இமாமைப் பின்பற்றித் தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்துவிட்டு, சேமியா சாப்பிடப் போய்விடுவார். தொழுகையின் தக்பீர் எண்ணிக்கையிலேயே நாம் பொறுமையாக இருக்கும்போது, வாழ்த்துச் சொல்லில் மட்டும் ஏன் பொறுமை இழக்கிறோம்? (பிறை விஷயத்தை இந்தப் பாடத்தில் நான் எடுக்கவில்லை. அது வேறு விவாதம்.)

சரி, வாழ்த்து எந்த வகையில் சேரும்? ஸஹாபாக்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் சந்தித்தால் "தகப்பலல்லாஹு மின்னா வமின்க", அதாவது எங்கள் அமலையும் உங்கள் அமலையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்று சொல்வார்கள் என ஜுபைர் இப்னு நுஃபைர் (ரஹ்) அறிவிக்கிறார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் ஹஸன் என்று இப்னு ஹஜர் (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரியில் குறிப்பிட்டுள்ளார்கள். எனவே அந்தப் பேரன் சொன்ன சொல் அழகானது, ஸஹாபாக்களிடமிருந்து வந்தது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதைத் தவிர வேறு சொல் சொல்லக்கூடாது என்று யாரும் தடை போடவில்லை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள், தாமாக வாழ்த்தைத் தொடங்க மாட்டார்கள் என்றும், யாராவது வாழ்த்தினால் பதில் சொல்வார்கள் என்றும் இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். வாழ்த்துக்குப் பதில் சொல்லாமல் ஒருவரை நிறுத்துவது அந்த இமாமின் வழியிலும் இல்லை. நல்ல பொருளுள்ள வாழ்த்து எந்த மொழியில் இருந்தாலும் அது வழக்கத்தில் சேர்ந்தது. மார்க்கம் தடுக்காத வரை வழக்கம் ஆகும் என்பதே ஆலிம்கள் சொல்லும் பொது விதி.

"ஈத் முபாரக்" என்பதன் இரண்டு சொல்லும் அரபிச் சொற்களே. 'ஈத்' என்றால் திரும்பத் திரும்ப வருவது. குர்ஆனில் இந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. ஈஸா (அலை) அவர்கள் வானத்திலிருந்து உணவுத் தட்டைக் கேட்டு துஆ செய்யும் இடம் அது, அல்மாயிதா அத்தியாயம், 114ஆம் வசனம். 'முபாரக்' என்றால் பரகத் செய்யப்பட்டது. மக்காவில் உள்ள முதல் இறை இல்லத்தைப் பற்றிய ஆலு இம்ரான் 96ஆம் வசனத்தில் அது வருகிறது. பெத்தாப்பா சொன்னதும் ஒரு துஆதான்.

நாடுகள் எப்படி வாழ்த்துகின்றன?

வெளிநாட்டில் நம் பிள்ளைகள் வேலை பார்க்காத வீடு நம் மஹல்லாவில் குறைவு. ஆகவே இந்தச் சொற்களில் சிலவற்றை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அவற்றின் பொருளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

பரகத்தைக் கேட்கும் வாழ்த்து: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் எங்கும் "ஈத் முபாரக்". துருக்கியில் பெருநாளுக்குப் 'பைராம்' என்று பெயர். "பைராமினிஸ் முபாரெக் ஒல்சுன்" என்பார்கள். உங்கள் பெருநாள் பரகத்தாகட்டும் என்று பொருள். பல நூற்றாண்டுகள் உஸ்மானிய ஆட்சியில் இருந்த போஸ்னியாவில் மொழி வேறு, ஆனால் வாழ்த்து துருக்கியிலிருந்து வந்தது: "பைராம் ஷெரீஃப் முபாரெக் ஒல்சுன்". அதற்குப் பதில் "அல்லாஹ் ராஸி ஒல்சுன்", அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. உஸ்பெகிஸ்தானில் "ஹயித் முபாரக்". நைஜீரியாவின் ஹவுஸா மக்கள் "பர்கா தா சல்லா" என்பார்கள். பரகத்தும் ஸலாத்தும் சேர்ந்த சொல் அது. தொழுகையின் பெயரையே அவர்கள் பெருநாளுக்கு வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடத்தைக் கேட்கும் வாழ்த்து: அரபு நாடுகளில் "குல்லு ஆம் வஅன்தும் பிகைர்", அதாவது ஒவ்வொரு வருடமும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எகிப்தியர் அதையே "குல்லு ஸனா வின்த தய்யிப்" என்று தங்கள் பேச்சு வழக்கில் சொல்வார்கள். வளைகுடாவில் "அஸாகும் மின் உவ்வாதா" என்பார்கள், இந்தப் பெருநாளுக்குத் திரும்ப வருகிறவர்களில் நீங்களும் இருக்க வேண்டும் என்று. 'ஈத்' என்ற சொல்லின் வேர்தான் 'உவ்வாதா'விலும் உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் "தெவெனத்தி" என்பார்கள். அடுத்த வருடமும் காண்போமாக என்பதே அதன் கருத்து.

ஆரோக்கியத்தையும் நன்மையையும் கேட்கும் வாழ்த்து: அல்ஜீரியாவில் "ஸஹ்ஹா ஈத்கும்" என்பார்கள். 'ஸிஹ்ஹத்' என்று நாம் சொல்லும் உடல்நலம்தான் அது. சோமாலியாவில் "ஈத் வனாக்சன்", கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலி மொழியில் "ஈத் ன்ஜேமா". இரண்டுக்கும் நல்ல பெருநாளாகட்டும் என்று பொருள்.

பெருநாளின் பெயர்களும் இப்படித்தான். சீனாவின் ஹுய் முஸ்லிம்கள் 'கைசாய் ஜியே' என்பார்கள், நோன்பு திறக்கும் திருநாள். நாம் 'நோன்புப் பெருநாள்' என்கிறோம். கேரளத்தில் அதுவே 'செறிய பெருநாள்', ஹஜ்ஜுப் பெருநாள் 'வலிய பெருநாள்'. செனகலில் 'கோரித்தே', 'தபாஸ்கி'. துருக்கியில் நோன்புப் பெருநாளுக்குச் 'சர்க்கரைப் பெருநாள்' என்றும் பெயர் உண்டு. நம் ஊரில் எல்லாரும் சொல்லும் 'பக்ரீத்' உருது வழி வந்த பெயர். ஓர் அரபியிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. அதனால் நம் பெருநாள் குறைந்துவிடவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வாழ்த்து

இனி அந்த மருமகளின் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகப் படிக்க வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூரில் நோன்புப் பெருநாள் வாழ்த்து "செலாமத் ஹரி ராயா" என்பதோடு முடிவதில்லை. "மாஆஃப் ஸாஹிர் தான் பாத்தின்" என்று தொடரும். இந்தோனேசியாவில் "மோஹோன் மாஆஃப் லாஹிர் தான் பாத்தின்". 'மாஆஃப்' என்பது மன்னிப்பு. நாம் மதரஸாவில் ஓதிய 'ளாஹிர்', 'பாத்தின்' என்ற சொற்களே அங்கேயும் இருக்கின்றன. வெளிப்படையாகச் செய்ததையும் உள்ளத்தில் நினைத்ததையும் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதே அங்கே வாழ்த்து. அந்தப் பெண் "வெளியில தெரிஞ்சும் மனசுக்குள்ளயும்" என்று சொன்னது தன் ஊர் வாழ்த்தைத் தமிழில் சொன்னதுதான். நாடகம் அல்ல.

இந்தோனேசியாவில் நோன்புப் பெருநாளுக்கு 'லெபாரான்' என்று பெயர். நகரத்தில் வேலை செய்யும் கோடிக்கணக்கானவர்கள் ரயிலிலும் பேருந்திலும் கப்பலிலும் சொந்த ஊருக்குப் போவார்கள். அந்தப் பயணத்துக்கு 'மூடிக்' என்று பெயர். பெருநாள் காலையில் பிள்ளைகள் பெற்றோர் முன் மண்டியிட்டு, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு பெற்றோரும் பிள்ளைகளிடம், "எங்களிடமும் குறை இருந்தால் பொறுத்துக்கொள்" என்று சொல்வதுண்டு. பெருநாள் கழிந்த நாட்களில் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் 'ஹலால் பி ஹலால்' என்ற பெயரில் கூட்டம் வைப்பார்கள். மேலதிகாரியும் ஊழியரும் கைகொடுத்துப் பொறுத்துக்கொள்வார்கள். சொல் அரபிதான், ஆனால் அந்தப் பொருளில் அரபு நாட்டில் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தோனேசியர்கள் மன்னிப்பு வாசகத்துக்கு முன்னால் "மினல் ஆயிதீன் வல் ஃபாயிஸீன்" என்று சொல்வார்கள். திரும்பியவர்களிலும் வெற்றி பெற்றவர்களிலும் நம்மை ஆக்குவானாக என்பதன் சுருக்கம் அது. இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்வதால், அரபி வாசகத்துக்கே 'மன்னித்துவிடுங்கள்' என்று பொருள் என அங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் வாட்ஸ்அப்பில் வரும் அரபி எழுத்துள்ள வாழ்த்துப் படத்தைப் பொருள் தெரியாமலே நூறு பேருக்கு அனுப்புகிறோமே, அதுபோலத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தோனேசியாவுக்கும் செனகலுக்கும் நடுவே ஒரு பெருங்கடலும் ஆப்பிரிக்கக் கண்டமும் இருக்கின்றன. ஆனால் செனகல் மக்களும் கோரித்தே, தபாஸ்கி நாட்களில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் தானும் மன்னித்ததாகச் சொல்லி, திருப்பி மன்னிப்புக் கேட்பார்.

இதற்கு மார்க்கத்தில் இடம் உண்டா? பெருநாளன்றுதான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஹதீஸ் இல்லை. தவறு செய்தால் அன்றே கேட்க வேண்டும், பெருநாள் வரை தள்ளிவைக்கக் கூடாது. ஆனால் மன்னிப்புக் கேட்பதன் அவசியத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். தன் சகோதரனின் மானத்திலோ வேறு எதிலோ அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் விடுவித்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. 'விடுவித்துக்கொள்ளட்டும்' என்பதற்கு அங்கே வரும் அரபிச் சொல் 'ஹலால்' என்ற வேரிலிருந்து பிறந்தது. இந்தோனேசியரின் 'ஹலால் பி ஹலால்' அதே வேரைத்தான் நினைவூட்டுகிறது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக வந்து பயணம் சொல்லும்போது என்ன சொல்கிறார்கள்? "ஏதாவது மனக்குறை இருந்தால் பொறுத்துக்கங்க, ஹலாலாக்கிக்கங்க" என்றுதானே? வாழ்நாளில் ஒருமுறை நாம் செய்வதை அவர்கள் வருடந்தோறும் செய்கிறார்கள்.

ஓர் எல்லை மட்டும் உண்டு. ருகூஉ போலக் குனிவதும் ஸுஜூது போலத் தலையைத் தரையில் வைப்பதும் அல்லாஹ் ஒருவனுக்கே. காலில் விழும் வழக்கத்தை ஆலிம்கள் தடுப்பது அதனால்தான். பெற்றோர் முன் உட்கார்ந்து அவர்கள் கையை மரியாதையோடு முத்தமிடுவது அதில் சேராது என்று ஹள்ரத் விளக்கினார்கள். துருக்கியிலும் சிறியவர்கள் பெரியவர்களின் வலக்கையை முத்தமிட்டுத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள்.

பிள்ளைகளின் பெருநாள்

பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு, பெயர்தான் வேறு. நமக்குப் பெருநாள் காசு. உருதுவில் 'ஈதி', அரபியில் 'ஈதிய்யா', வங்காளத்தில் 'சலாமி', மலேசியாவில் 'டூயிட் ராயா'. சுவாஹிலி மொழியில் 'ம்கோனோ வா ஈதி' என்பார்கள், பெருநாளின் கை என்று பொருள். மலேசியாவில் சீனர்களின் சிவப்பு உறையைப் பார்த்துப் பச்சை உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இனிப்பும் அப்படித்தான். எகிப்தில் 'கஹ்க்' என்ற சர்க்கரை தூவிய பிஸ்கட், சிரியா, லெபனானில் பேரீச்சை வைத்த 'மஅமூல்', வட இந்தியாவில் ஷீர் குர்மா, இலங்கையில் வட்டிலப்பம், சீனாவில் எண்ணெயில் பொரித்த மாவு அடை. துருக்கியில் விருந்தினரின் கையில் முதலில் எலுமிச்சை வாசனைத் தைலம் ஊற்றிவிட்டுப் பிறகு மிட்டாய்த் தட்டை நீட்டுவார்கள்.

விளையாட்டுக்கும் இடம் உண்டு. ஆப்கானிஸ்தானில் சாயம் பூசிய அவித்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, யார் முட்டை உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். நைஜீரியாவின் கானோ நகரில் அலங்கரித்த குதிரைகளில் ஊர்வலம் போவார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் மேலாடையை மறைப்பாக்கி நின்றதையும் புகாரீயில் காணலாம். அபிசீனியர்களின் ஊர் விளையாட்டு அது. ஹராம் கலக்காத வரை அதை அவர்கள் தடுக்கவில்லை.

சந்தோஷத்துக்கு நடுவே துக்க வீட்டையும் மறக்கக் கூடாது. போஸ்னியாவில் 1990களின் போரில் இழந்தவர்களுக்காக, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளை ஷஹீதுகள் நாளாக வைத்து, கப்ருகளுக்குப் போய் துஆ செய்கிறார்கள். நம் மஹல்லாவிலும் இந்த வருடம் ஆளை இழந்த வீடுகள் உண்டு. அவர்களுக்கு அது வெறும் பெருநாள் அல்ல, அவர் இல்லாத முதல் பெருநாள். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.

ஏழைக்கும் தொழிலாளிக்கும் பெருநாள்

ஃபித்ரா பற்றி ஒவ்வொரு ரமலானிலும் எழுதுகிறோம். ஆணோ பெண்ணோ, சிறியவரோ பெரியவரோ, தலைக்கு ஒரு ஸாஉ என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடமையாக்கினார்கள். மக்கள் தொழுகைக்குப் புறப்படும் முன் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஏவினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஊர் மக்களின் முக்கிய உணவைக் கொடுக்கிறோம், ஹனஃபி மத்ஹபில் அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். இந்தோனேசியாவில் பொதுவாகத் தலைக்கு 2.5 கிலோ அரிசி. மலேசியாவில் ஒவ்வொரு மாநிலமும் தொகையை அறிவித்துப் பணமாக வசூலிக்கிறது. அளவிலும் முறையிலும் வித்தியாசம் இருந்தாலும் நேரத்தில் வித்தியாசம் இல்லை, தொழுகைக்கு முன். ஆனால் நம் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? பெருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பாதி அரிசி வருகிறது. அதை நம் பிள்ளைகள் வண்டியில் ஏற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் ஃபஜ்ரு பாங்கு சொல்லிவிடுகிறார்கள். ரமலான் பிறந்ததிலிருந்தே ஃபித்ரா கொடுக்க அனுமதி இருக்கிறது. அடுத்த ரமலானில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை, கம்பெனி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு பாடம். அங்கே பெருநாள் போனஸ் முதலாளியின் விருப்பம் அல்ல, சட்டம். 2016ஆம் ஆண்டின் தொழிலாளர் துறை விதிப்படி, ஒரு வருடம் வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளம். அதற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு அந்தக் கணக்கின்படி. பெருநாளுக்கு 7 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கிறிஸ்தவத் தொழிலாளிக்குக் கிறிஸ்துமஸுக்கு இதே உரிமை உண்டு. நம் கடைகளில் பையனுக்குப் பெருநாள் பணம் எப்போது கிடைக்கிறது? பெரும்பாலும் பிறை தெரிந்த இரவில், வியாபாரம் முடிந்து ஷட்டரை இறக்கிய பிறகு. அந்த நேரத்தில் அவன் தன் பிள்ளைக்கு எந்தக் கடையில் சட்டை வாங்குவான்?

வரப்போவது குர்பானி. இந்தோனேசியாவில் பல இடங்களில் பள்ளிவாசல் குழுவினரே கறியைச் சமமாகப் பொட்டலம் போட்டு, முன்கூட்டியே சீட்டுக் கொடுத்து மஹல்லா முழுக்கப் பங்கிடுகிறார்கள். யாரும் வாசலில் நின்று கேட்க வேண்டியதில்லை. நம் அறக்கட்டளையும் இந்த வருடம் அந்த முறையில் செய்ய நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. தேவையுள்ள குடும்பங்களின் பெயரை முன்னதாகவே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டார்

மலேசியாவில் ஹரி ராயாவுக்கு 'திறந்த வீடு' வைப்பார்கள். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று வேறுபாடு இல்லாமல் யாரும் வந்து சாப்பிடலாம். நம் ஊரில் பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவ சகோதரர்களுக்கு வாளியில் பிரியாணி கொடுத்தனுப்புவது பழைய வழக்கம். இப்போது சில தெருக்களில் அது குறைந்து வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். அவர்கள் "ரம்ஜான் வாழ்த்துகள் பாய்" என்று சொன்னால், ரமலான் மாதத்தின் பெயர், பெருநாளின் பெயர் அல்ல என்று திருத்தப் போகாதீர்கள். "ரொம்ப சந்தோஷம் அண்ணே, வீட்டுக்கு வாங்க" என்று சொல்லுங்கள்.

அந்த இரண்டு வீடுகள்

ஹள்ரத் அந்தப் பேரனை அழைத்துப் பேசினார்கள். "நீ சொல்வதைச் சொல். அவர் சொல்வதற்கும் பதில் சொல். பெரியவர் மனம் நோவதற்குத்தான் ஆதாரம் இல்லை" என்றார்கள். விடுப்பு முடிந்து புறப்படும் அன்று பேரன் போய்க் கட்டிப்பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். பெத்தாப்பா அந்த அரபி வாசகத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாராம்.

அந்த மாமி ஷவ்வால் கடைசியில் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். "அந்தப் புள்ள கேட்டது என்னைத் தூங்கவிடலை. எங்கிட்ட ஒரு தப்பும் செய்யாதவ மண்டிபோட்டுக் கேட்டா. நான் என் ராத்தாவோட பேசி ஒம்பது வருசம் ஆச்சு" என்றார். உம்மாவின் வீட்டுப் பங்கில் வந்த சண்டை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கக் கூடாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸ் அவருக்குத் தெரியாததல்ல. நம் எல்லாருக்கும் தெரியும்.

"போன் போட்டேன். ஸலாத்துக்குப் பதில் சொன்னா. வேற ஒன்னும் பேசலை, வச்சுட்டா" என்றார். பிறகு, "ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கறிப் பங்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். "அனுப்புங்க. ஆள்கிட்ட கொடுத்துவிடாம நீங்களே எடுத்துட்டுப் போங்க. மருமகளையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது அல்லாஹ்வின் கையில். துஆ செய்யுங்கள்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் வீட்டுப் பெருநாள் வழக்கங்களில் எவை சுன்னத், எவை ஊர் வழக்கம்? பிள்ளைகளை விட்டு இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.
2. வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ நம் வீட்டுக்கு வந்த மருமகள், மருமகன் தங்கள் ஊரில் பெருநாளை எப்படிக் கொண்டாடினார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?
3. இந்தப் பெருநாளுக்குள் யாரிடம் போய் "பொறுத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும்? இதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, மனதில் ஒரு பெயரை நினைத்துக்கொண்டால் போதும்.
4. நம் வீட்டில், கடையில் வேலை செய்பவருக்குப் பெருநாள் பணம் எந்தத் தேதியில் கொடுக்கப் போகிறோம்?

யா அல்லாஹ்! எங்கள் அமல்களை ஏற்றுக்கொள்வாயாக. எங்கள் உள்ளங்களை ஒன்று சேர்ப்பாயாக. அடுத்த பெருநாளையும் நலமாகக் காணும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

தகப்பலல்லாஹு மின்னா வமின்கும். ஈத் முபாரக். என் எழுத்திலும் பேச்சிலும் யாருக்காவது மனக்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்